ஓரக் கம்பி

"கிட்டார்ல ஆறு கம்பிய வச்சு இருபது வருஷம் ஓட்டலையா? இப்ப எதுக்கு ஏழாவது..."

"அதத்தான் சொல்ல வர்றேன், நீ பேச விட்டாத்தானே..."

"நானே சொல்றேன். தனியா வாசிக்கறதுக்கு. பாட ஆள் இல்லன்னா அந்தப் பள்ளத்த நிரப்ப ஒண்ணு வேணுமில்ல, அதுக்கு."

"அக்கா, வாயில வந்ததப் பேசாத."

அக்கா பேச்சை நிறுத்தினாள், கையை நிறுத்தவில்லை. ஜிப் ரிப்பேர் அவள் தொழில். வாசல் அறை மேஜையில் யாருடைய பயணப் பெட்டியோ வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் பற்களில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் வேகத்தில் கோபம் தெரிந்தது.

அக்காவுக்குக் கழுத்தில் கட்டி எடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. தழும்பு மெல்லிய கோடாக ஆறிவிட்டது. குரல் திரும்பி வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. கீழேயே உட்கார்ந்துகொண்டது. அவள் பாட, தங்கை கிட்டார் வாசிக்க, இருவரும் எப்போதும் கச்சேரியைத் தொடங்கும் பாட்டில் இரண்டாவது வரி மேலே ஏறும். அங்கே போனதும் குரல் பழைய துணிபோலக் கிழிந்தது. மூன்று முறை முயன்றாள். நான்காவது முறை முயலவில்லை. அதற்குப் பிறகு குளியலறையில்கூட அவள் பாடித் தங்கை கேட்டதில்லை.

காலையில் நகர மன்றத்து மேலாளர் போன் செய்திருந்தார். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் சுவரொட்டி அச்சுக்குப் போக வேண்டும். பாட்டும் கிட்டாருமா, வெறும் கிட்டாரா? அதற்குள் சொல்லுங்கள் என்றார். "வெறும் கிட்டார்னு போடச் சொல்லு" என்று அக்கா அப்போதே முடித்துவிட்டாள். தங்கைதான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. மத்தியானம் வேலை முடிந்து வரும்போது அவள் தோளில் இந்தப் புது கிட்டார் தொங்கியது. அந்த போனும் இந்த கிட்டாரும் சேர்ந்து, தங்கை தனியாக மேடையேறக் கிளம்பிவிட்டாள் என்று அக்காவுக்குக் கணக்குக் காட்டின.

"வயசுப் பசங்க தலைய ஆட்டிக்கிட்டு இடி இடிக்க வாங்குறது அது. உனக்கு முட்டி வலிக்கு மாத்திரை வாங்குற வயசு."

"முட்டிக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்? உக்காந்துதானே வாசிக்கறேன்."

"சரி, ஏன் வாங்குன? ஒரே ஒரு காரணம் சொல்லு."

தங்கை கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறவள், இப்போது தானே அப்படி நின்றாள்.

"கம்பி வாங்கத்தான் போனேன். கடைக்காரர் யாரோ வித்துட்டுப் போன இதத் துடைச்சுக்கிட்டிருந்தார். ஓரக் கம்பிய ஒரு தட்டு தட்டினார். இது கெடந்த மரப்பலகையிலதான் நான் சாஞ்சு நின்னேன், சத்தம் காதுக்கு வரலக்கா. நேரா இங்க வந்துச்சு." நெஞ்செலும்பைத் தொட்டுக் காட்டினாள். "தினம் அம்பது நெஞ்சுக்கூடு பாக்குறேன். எனக்கும் ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"இது காரணமில்ல, வியாதி. டாக்டர் கிட்டயே இருக்க, கேட்டுப் பாரு."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் உள்ளறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேறு என்ன காரணம் சொல்வது? அந்த ஒலியைக் கேட்ட நொடியில், இத்தனை ஆழத்தில் ஓர் இடம் இருக்கும்போது நாம் ஏன் மேலேயே நின்றுகொண்டிருந்தோம் என்று தோன்றியது. அதை எப்படி ஒரு வாக்கியமாக்கி அக்காவின் மேஜையில் வைப்பது?

கிட்டாரை மடியில் எடுத்தாள். அதன் கழுத்து அகலமாக இருந்தது. வேறெதுவும் தோன்றாததால் கை தானாக அந்தத் தொடக்கப் பாட்டுக்குப் போனது. அதற்கான வாசிப்பு முழுவதும் தடித்த நான்கு கம்பிகளிலேயே நடப்பது. இரண்டு கைகளும் இருபது வருஷப் பழக்கத்தில் ஓரத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. ஆனால் இப்போது ஓரத்தில் இருந்தது ஏழாவதான, எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த சுதியுள்ள புதுக் கம்பி. விரல்களின் நடை அதேதான், எல்லாமே ஒரு கம்பி தள்ளி. பாட்டு முழுசாகச் சுதி இறங்கி, தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

தப்பு என்று நாலாவது அடியில் தெரிந்துவிட்டது. நிறுத்தினால் அக்காவுக்குத் தெரிந்துபோகும் என்ற வீம்பில் வாசித்துக்கொண்டே போனாள்.

வாசல் அறையில் மெழுகு தேய்க்கும் சத்தம் நின்றது.

முதலில் அது பெட்டியை நகர்த்தும் ஓசை என்றுதான் நினைத்தாள். பிறகு சொற்கள் வந்தன. அக்காதான். பாடுவதுபோல இல்லை, ஏதோ வேலைக்கு நடுவே வாய் தவறியது போல. கரகரப்பும் அகலமும் கொண்ட, இந்த வீட்டில் இதுவரை இல்லாத ஒரு குரல். இரண்டாவது வரி வந்தது. குரல் ஏறியது, அந்த இடத்தைத் தொட்டது, கிழியாமல் இறங்கியது.

அதன்பின் தங்கையால் வாசிக்க முடியவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?"

"தப்புக்கா. பழக்கதோஷத்துல கை ஓரக் கம்பிக்கே போயிடுது. பாட்டு பூரா கீழ வந்துடுச்சு. இரு, சரியா வாசிக்கறேன்."

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. மெழுகுத் துண்டு கையிலிருக்க, அக்கா கதவருகே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், மேஜைமேல், பெட்டிக்கும் கத்தரிக்கும் நடுவே தங்கையின் போன் அடிக்க ஆரம்பித்தது. ஐந்தாகப் பத்து நிமிஷம். மேலாளராகத்தான் இருக்கும். தங்கை எழப் போனாள்.

"அவர் கொஞ்சம் இருக்கட்டும்டி. நீ அதே தப்ப இன்னொரு தடவ பண்ணு."