மூலைக்கு மூலை

டிவி கடைக்கு வந்தபோதும் தையற்காரரின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நாற்பத்தைந்து அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல் கூடினாலும் போகாது. பழைய டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. ரொம்பச் சின்னது, சுவர் வெறிச்சென்று கிடக்கிறது என்று ஒரு மாதமாக நச்சரித்து மனைவியைக் கூட்டி வந்திருக்கிறார். உண்மை வேறு. ஆறு மாதமாக இரண்டு கண்ணிலும் புகை படிந்த மாதிரி. பழைய டிவியில் குரலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொன்னால் மறுநாளே தையல் மெஷினை மூடச் சொல்லிவிடுவாள் என்று பயம். முப்பது வருஷத் தொழில். தைத்துக் கொடுத்த சட்டைகளைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழகிய கைக்குக் கண் எதற்கு என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தி வைத்திருந்தார்.

கடைச் சுவர் முழுக்க இருந்த டிவிகளில் ஒரே கிளி பறந்தது, பிறகு ஒரே குழந்தை சிரித்தது. மனைவி ஒவ்வொன்றின் முன்னும் நின்று, இதில் சிவப்பு கண்ணைக் குத்துகிறது, அதில் குழந்தை முகம் வெளிறிக் கிடக்கிறது என்று, சம்பந்தம் பேச வந்த மாமியார் மாதிரி குறை சொல்லிக்கொண்டே வந்தாள். விற்பனையாளன் ஐம்பது அங்குலத்தைக் காட்டினான். எங்கள் இடத்துக்குள் அது நுழையாது என்றார் இவர். ஐம்பது என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் அதைவிடக் குறைவு என்று அவன் விளக்கினான். இவருக்கு எரிச்சலாக வந்தது.

"தோள்லேர்ந்து எதிர் இடுப்புக்குக் குறுக்கால அளந்து எவனாவது சட்டை தைப்பானாப்பா?"

அந்த எரிச்சலில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஓரத்தில் விலை குறைத்து வைத்திருந்த ஒன்றைக் காட்டி, எல்லாவற்றையும்விட இதுதான் பளிச்சென்று இருக்கிறது, இதையே எடுப்போம் என்றார். விற்பனையாளன் தயங்கி மனைவியைப் பார்த்தான். அந்தத் திரையில் மேலிருந்து கீழாக, விரல் பருமனில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. விலையைக் குறைத்ததே அதனால்தான்.

வேறு ரகம் இருக்கிறதா பாருங்கள் என்று மனைவி அவனை உள்ளே அனுப்பினாள். பிறகு திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"காலர் கோணலா போனப்பவே எனக்குத் தெரியுங்க. மத்தியானம் நீங்க கண்ணசர்ற நேரத்துல பிரிச்சு நான்தான் தைச்சு வச்சேன். நாலு மாசமா."

ஒருவரும் வாய் திறக்காததற்கு இதுவா காரணம் என்று அவருக்கு அவமானமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல் இருந்தாளே என்று அதைவிட அதிகமாக நெஞ்சு கனத்தது.

"மெஷின மூடிடுவியா?"

"மொதல்ல கண்ணக் காட்டுவோம். அப்புறம் பாப்போம்."

அவர் கழுத்திலிருந்து நாடாவை உருவி, முதலில் காட்டிய ஐம்பது அங்குல டிவியின் முன் அவரை நிறுத்தி, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். பழக்க தோஷத்தில் அதன் இடது ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் வலது ஓரம்வரை இழுத்தாள். முப்பது வருஷமாக அவர் அளவு சொல்ல, அவள்தான் நோட்டில் எழுதி வந்தாள்.

"நாப்பத்திநாலு," என்றாள்.

அதை எழுதிக்கொள்ள அவர் மறு கையால் காதோரம் பென்சிலைத் தேடினார்.