அப்பா வழி ரத்தம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் மதியம் வரை நின்றபடியே விரிப்புகளை மடித்துவிட்டு, அரைநாள் விடுப்புக்குச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அத்தை வாலுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். வாலுவுக்குப் பதின்மூன்று வயது. தாயில்லாப் பிள்ளை. அப்பா லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். மூன்று வயதிலிருந்து அத்தைதான் வளர்க்கிறாள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று வைத்த பெயர். முந்தின நாள் பள்ளிக்கூடப் படியேறும்போது அந்த வாலு மயங்கி விழுந்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். ஸ்வெட்டரை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் வாலு, நாற்காலி கறையாகிவிடக் கூடாதென்று. உதடு வெளுத்துக் கிடந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவளும் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை போலிருந்தது. மேஜைமேல் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"எத்தனை நாளா போகுதும்மா?"

அத்தை முந்திக்கொண்டாள். "இன்னையோட ஒன்பது நாள் டாக்டர். வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. மாசாமாசம் இதே கதைதான். ரெண்டு இடத்துல காட்டினோம். ஒருத்தர் டானிக் எழுதிக் கொடுத்தாரு. இன்னொருத்தர் போகப் போகச் சரியாயிடும்னாரு. நானும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான்."

டாக்டர் வாலுவிடம் திரும்பினாள். "ஒரு பேட் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு பீரியட் தாங்கும். கணக்கு டீச்சர் இழுத்தாங்கன்னா அதுவும் தாங்காது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வாலுவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே மூன்று இடத்தில் கன்றிப்போயிருந்தது. எங்கே இடித்தாய் என்றால், இடிக்கவே இல்லை என்றாள் வாலு. மூக்கில் ரத்தம் வருமா? அடிக்கடி வரும். வயிற்று வலிக்கு என்ன மாத்திரை? அத்தை பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதை நிறுத்திடுங்க. இது ரத்தப்போக்கை இன்னும் கூட்டிவிடும்" என்ற டாக்டர், சட்டென்று பேனாவை நிறுத்தினாள். "எங்க வீட்டுல இப்படித்தான்னு சொன்னீங்களே, யாருக்கெல்லாம்?"

"எங்க அம்மாவுக்கு. அப்புறம் எனக்கு. இவ அப்பாகூட ஒரு தடவை பல்லைப் பிடுங்கிட்டு ரெண்டு நாள் வாயில துண்டோட கிடந்தாரு."

"உங்களுக்கு இப்ப எப்படி?"

"எனக்கு ஏது இப்ப? இருபத்தொன்பது வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ரத்தம் நிக்கல, வேற வழியில்லன்னுட்டாங்க." பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோல அதைச் சொன்னாள். அடுத்த வருஷமே புருஷன் பிள்ளை வேண்டுமென்று வேறொருத்தியோடு போனதைச் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அத்தையே வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாலுவுக்கு உடம்பில் இருக்க வேண்டியதில் பாதி ரத்தம்தான் இருந்தது. மூன்று நாள் படுக்கையில் வைத்து ரத்தம் ஏற்றி, போக்கை நிறுத்த மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது.

"ரத்தத்தை உறைய வைக்கிற புரதம் ஒண்ணு இவளுக்குக் கம்மியா இருக்கு" என்றாள் டாக்டர். "பிறவியிலயே வர்றது. அப்பா வழியில வந்திருக்கும். பயப்பட வேண்டாம், மாத்திரையில அடக்கிடலாம். பிற்காலத்துல பிள்ளையும் பெத்துக்கலாம். நீங்களும் டெஸ்ட் எடுத்துக்கிட்டா நல்லது."

அத்தை பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். "இந்த டெஸ்ட்டு எனக்கு ஆபரேஷன் பண்ணினப்பவே இருந்துச்சா டாக்டர்?"

"இருந்துச்சு."

"அப்ப எனக்கு ஏன் எடுக்கல?"

"வீட்டுல வேற யாருக்கு இப்படின்னு அந்த டாக்டர் கேட்டிருக்கணும்மா. கேட்கல."

"மாத்திரையிலயே நின்னிருக்குமா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது." டாக்டர் பார்வையை விலக்கவில்லை. "நின்னிருக்கலாம்."

அத்தை தலையாட்டினாள். மாத்திரை எந்தக் கவுண்டரில் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுந்தாள். வழியில் அண்ணனுக்குப் போன் போட்டு விவரம் சொன்னாள். லாரி இரைச்சலுக்கு நடுவே, "என் ரத்தத்தாலயா பாப்பாவுக்கு இப்படி?" என்று அவர் உடைந்துபோனார்.

"நீ என்ன கடையிலயா வாங்கிக் கொடுத்த? ஒழுங்கா ரோட்டைப் பார்த்து ஓட்டு, அண்ணே."

அடுத்த மாதம் வாலுவுக்கு ஆறே நாளில் நின்றது. அதற்கடுத்த மாதம் ஐந்து. இரும்புச்சத்து மாத்திரை வாயெல்லாம் ஆணியைச் சப்பியதுபோல இருக்கிறதென்று தினமும் சண்டை பிடித்தாள். சண்டை பிடிக்கத் தெம்பு வந்ததே போதும் என்றிருந்தது அத்தைக்கு.

அத்தையின் ரிசல்ட்டும் வந்தது. அதே குறைதான். பல் பிடுங்கினாலும் ஆபரேஷன் என்றாலும் முன்னாடியே காட்டச் சொல்லி அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உனக்குக் கோபமே வரலையா அத்தை?" என்றாள் வாலு.

"வருதுடி. யார் மேல காட்டறது? கர்ப்பப்பையை எடுத்த டாக்டர் மூஞ்சிகூட ஞாபகமில்ல." சுவரில் சாய்ந்தாள். "நாளைக்குக் காலை ஷிஃப்ட் வேற. ஆறு மணிக்கு அங்க நிக்கணும்."

வாலு குனிந்து அவள் செருப்பைக் கழற்றினாள். நிமிர்ந்தபோது அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வாலு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் அரிசி கழுவப் போனாள்.