மூன்றாம் தண்ணீர்

அண்ணன் ஹெப்ரான் வீட்டில் மூன்று தலைமுறையாக மாரியம்மனைக் கும்பிடுவதில்லை. ஆனால் அவன் மகள், நான்கு வயது ஃபெபிக்குத் தட்டம்மை போட்டதும் வேப்பிலை எங்கிருந்தோ வந்துவிட்டது. ஒற்றைப்படை நாளாகப் பார்த்து வேப்பிலை போட்டுத் தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீர் விட்டால் நோய் போய்விட்டது என்று கணக்கு. எந்தப் போதகராலும் அதை மட்டும் மறக்கடிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் சபையில் அசன விருந்து. ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து ஆயிரம் பேர் வந்து பந்தியில் உட்காருவார்கள். பிள்ளையை அங்கே தூக்கிப்போய், கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்லவேண்டும் என்றான் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஆறு வருடமாக ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்வதே இந்தத் தட்டம்மையைத்தான்.

"அண்ணே, தடிப்புதான் அடங்கிருக்கு. இந்த வைரஸு ரத்தத்துல கிருமியோட சண்டை போடுத டி செல்லையே பிடிச்சுக் கொல்லும். மிச்சம் இருக்கதுல சிலது, 'சண்டை போதும், அடங்குங்க'ன்னு ஒரு புரதத்தச் சுரக்கும். இன்னும் பல வாரத்துக்கு எந்தக் கிருமி வந்தாலும் அவ உடம்பு ஏன்னு கேக்காது. கூட்டத்துக்குக் கொண்டு போவாத."

"ஏட்டி, மூணு தண்ணி ஊத்தியாச்சு. இன்னும் என்னத்தக் கிருமி? கல்யாணம் கெட்டாம எலிகூட மாரடிக்கவளுக்குப் பிள்ள வளக்கது தெரியுமோ?"

அவன் மனைவி, என் மைனி, சிரித்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை பஸ் ஏறிவிட்டேன். எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மஞ்சள் கவுனில் ஃபெபி யாரோ ஒருவர் மடியில் இருந்தாள். இன்னொருவர் சோறு ஊட்டினார். 'உடனே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ' என்று எழுதினேன். பிறகு அனுப்பாமலே அழித்தேன். முதலில் அவன் மன்னிப்புக் கேட்கட்டும் என்றிருந்தது எனக்கு.

ஐந்தாம் நாள் பிள்ளைக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. மூன்று நாள் செயற்கை சுவாசக் குழாயோடு கிடந்து போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தேவ சித்தம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் அவன் பக்கத்தில் போனேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு ஒன்ன அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிருட்டி."

நான் காத்திருந்த மன்னிப்பு அதுதான். கேட்டுவிட்டான்.