செடித் தண்ணீர்

அண்ணனின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி அறைக்குள் வந்துவிட்டாள். பாப்பா சட்டென்று கையை எடுத்து, அவர் கன்னத்தைத் துடைப்பதுபோல் துடைத்தாள். கன்னம் அதற்குள் சில்லிட்டிருந்தது.

“என்ன பண்றே?”

“ஒண்ணுமில்ல அண்ணி. வாயோரம் ஈரமா இருந்துச்சு.”

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். பாப்பா மறுபடி குனிந்தாள். உதட்டின் உள்பக்கம் வெந்ததுபோல் சிவந்திருந்தது. மாத்திரைச் சூட்டில் அண்ணனுக்கு வாய்ப்புண் இருந்தது உண்மைதான். இது அதுவா, வேறா? நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். இன்று நிஜமாகவே குழந்தை மாதிரி கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். அண்ணி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் தண்ணீர் கேட்டார். சமையலறையில் குடம் காலி. குழாயைத் திறந்தால் வெறும் காற்று புஸ்ஸென்றது. “பாப்பா, தண்ணி” என்று மறுபடியும் அவர் குரல். பால்கனிக்கு ஓடி, செடிகளுக்குக் கீழே இருந்த வெள்ளைக் கேனைச் சாய்த்து, அரை டம்ளர் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்தார். முகம் கோணிப்போனது. டம்ளரைப் புறங்கையால் தள்ளிவிட்டார். ஏதோ சொல்ல வந்தவரை இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணி திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேனை மூடப் போனபோதுதான் அதில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ‘பேட்டரிக்கு மட்டும். குடிக்கக் கூடாது’ என்று சிவப்பில் போட்டிருந்தது.

டாக்டர் வந்து நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, “எதிர்பார்த்ததுதானே, ஹார்ட் தாங்கல” என்று சொல்லிப் போய்விட்டார். வாயைத் திறந்து பார்க்கவில்லை.

அண்ணன் பேட்டரி மெக்கானிக். கடையை விட்டால் அவருக்குப் பால்கனிதான் உலகம். அங்கே முழுக்கக் குடுவைச் செடிகள். இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்கும். விளிம்பில் தேன் நக்க வரும் ஈயும் எறும்பும் வழுக்கி உள்ளே விழும். செடி அவற்றை நிதானமாகச் செரித்துக்கொள்ளும். அவற்றில் தொந்தி பெருத்த ஒன்றுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தார். “இன்ஸ்பெக்டர் கை நீட்டி வாங்கவே மாட்டாரு. தொறந்த வாயில தானா வந்து விழணும்” என்பார். பூச்சி தின்கிற அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஏகப்பட்ட நாசூக்கு. குழாய்த் தண்ணீரின் உப்பு ஆகாது. உரம் போட்டால் வேர் கருகிவிடும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த தண்ணீரைக் கடையிலிருந்து கேனில் கொண்டுவந்து வார்ப்பார். ஒருமுறை பாப்பா, பாவம் வாடுகிறதே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றப்போக, “கொலைகாரி, கொலைகாரி!” என்று வீடே அதிரக் கத்தினார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

செடிக்கு ஆகிற தண்ணீர் மனுஷனுக்கு ஆகாமலா போகும் என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கடைக் கூட்டாளி வந்து சேர்ந்தார். அண்ணன் காலருகே வெகுநேரம் நின்றார். வெளியே போகும்போது பாப்பாவைத் தனியே கூப்பிட்டார்.

“அம்மா, உடம்புக்கு முடியாமப் போனப்புறம் அவரு இங்கேயே பேட்டரி பாத்துட்டிருந்தாருல்ல? அதுக்கு ஒரு கேன் ஆசிட் குடுத்தனுப்பினேன். வெள்ளைக் கேன். ஆளுங்க வந்து போற வீடு, அதக் கொஞ்சம் பத்திரமா ஓரமா வச்சிடுங்க.”

பால்கனியில் இருந்தது ஒரே ஒரு கேன்.

“சரிங்க” என்றாள். வண்டிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் படியிறங்கினார். சொல்லிவிடலாமா? அண்ணியிடம் என்னவென்று சொல்வது? உங்கள் புருஷனுக்குக் கடைசியாக ஆசிட் கொடுத்தது நான்தான் என்றா? அண்ணி ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டாள். அந்தப் பார்வையை நினைத்தாலே உயிர் போனது. கேனை எடுத்து எங்காவது மறைக்கலாம் என்று திரும்பினாள்.

அதற்குள் துக்கத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு டெய்லர் பால்கனியிலிருந்து ஒரு டம்ளரோடு அண்ணியிடம் வந்தார்.

“குழாய்ல தண்ணி வரல. நல்லவேளை, அங்க ஒரு கேன் இருந்துச்சு. காலைலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கீங்க, குடிங்கம்மா.”

அண்ணி வாங்கி உதட்டருகே கொண்டுபோனாள்.

பாப்பா பாய்ந்து பிடுங்கினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. மிச்சத்தைக் கொட்டியிருக்கலாம். கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் இனி ஒரு நாள்கூட அவளால் இருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தாள்.

“என்னம்மா நீங்க, அவங்களுக்குத்தானே கொண்டாந்தேன்!” என்றார் டெய்லர்.

எரியப்போகிறது என்று காத்திருந்தாள். தொண்டை எரியவில்லை. நாக்கில் ஒரு ருசியும் இல்லை. வாசலில், திரும்பி வந்திருந்த கூட்டாளி அலறினார்.

“ஐயையோ, எந்தக் கேன்ல எடுத்தீங்க? பால்கனியில இருந்ததா? அது ஆசிட்டும்மா!”

டெய்லரின் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எரியுமோ?

“கத்தாதீங்க” என்றாள் அண்ணி. “ஆசிட்ட நான் அப்பவே மாடிப்படிக்கு அடியில வச்சுப் பூட்டிட்டேன். இருமுற மனுஷன் பக்கத்துல அது எதுக்குன்னு. இது செடித் தண்ணி. ஒண்ணும் செய்யாது.” பிறகு பாப்பாவைப் பார்த்தாள். “தாகமா இருந்தா சொல்றதுதானே? இப்படியா பிடுங்குவே? போ, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா.”

கேனைச் சாய்க்கும்போது பாப்பாவின் கை தவறி, பாதி இன்ஸ்பெக்டரின் தொட்டியில் போனது. மீதியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணி இரண்டு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். “தூ, சப்புன்னு இருக்கு. எப்படித்தான் குடிச்சியோ” என்று டம்ளரைப் புறங்கையால் தள்ளினாள்.

காலையில் அண்ணன் முகமும் இப்படித்தான் கோணியது. பாப்பா அந்தச் சுளித்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டம்ளரை எடுத்து மறுபடி அண்ணியின் கையில் வைத்தாள்.

“இன்னும் ஒரு வாய் குடிங்க அண்ணி” என்றாள்.