ஆள் இல்லாத அறைக்கு விளக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு விளக்குக் கடையில், கால் கடுக்க நின்றுகொண்டிருந்த நேரத்தில். என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், ஒரு செடிக்கு விளக்கு வாங்க வந்திருந்தார். ஒரே ஒரு செடி. அதற்கு ஒன்றரை மணி நேரம். நான் துணைக்குப் போனவன். பிழைப்புக்கு நான் மின்விசிறி, மிக்ஸி போன்ற சாமான்களுக்குக் கையேடு எழுதுகிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்ற வாக்கியத்தை என் அளவுக்கு எழுதியவன் இருக்க முடியாது. அதனால் கரண்டில் ஓடும் எதுவும் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

முதல் வரி இப்படி இருந்தது: "ஒளி என்பது—"

அடித்துவிட்டேன். 'ஒளி என்பது' என்று ஆரம்பிக்கிறவனை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "மனைவி வெளியூர் போயிருந்த ஆறு மாதமும் அவளுடைய எலுமிச்சைச் செடியைக் காப்பாற்றப் போராடிய ஒரு கணவர்..."

இது பொய். அக்கா எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது. அதை எழுதினால் நீங்கள் இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள் என்று பயந்து, அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டேன். படித்துக் காட்டியபோது மாட்டிக்கொண்டேன்.

"ஏண்டா, என்னை எதுக்கு ஊருக்கு அனுப்பி வச்ச?"

"கதைக்காகக்கா."

"நான் இல்லன்னா அந்தச் செடிய யாரு தொட்டுப் பார்ப்பா? உன் வாசகரா?"

ஆகவே அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

2

அத்தான் நாடக மேடைக்கு விளக்கு போடுபவர். நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அவர் லைட்டண்ணன். முப்பது வருஷமாக இருட்டில் ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் முகத்தை வெளிச்சமாக்குகிற வேலை. அந்த நாட்களில் அக்கா ஒவ்வொரு நாடகத்துக்கும் கடைசி வரிசையில் உட்காருவாள். முடிந்ததும் தீர்ப்பு சொல்வாள். "மூணாவது காட்சில அந்தப் பொண்ணு முகம் பாதி இருட்டு. யாரு செத்தான்னே தெரியல." அத்தான் முறைப்பார், மறுநாள் விளக்கை நகர்த்துவார். கைதட்டியவர்களை அவர் ஒருபோதும் நம்பியதில்லை, அவளைத்தான் நம்பினார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நோய் வந்து அக்காவின் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அந்த மாதங்களில் ஒரு தயிர்க் கிண்ணத்தில் எலுமிச்சை விதையைப் போட்டாள். முதல் இரண்டு இலைகளைப் பார்த்தாள். மூன்றாவது இலை முதல் விரல்தான். செடி இப்போது அவள் இடுப்பளவு. இலையைக் கசக்கி முகர்ந்தால்தான் அவளுக்குக் காலை விடியும்.

ஆறு மாதத்துக்கு முன் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பி ஜன்னலை அடைத்தது. அத்தான் கவனிக்கவே இல்லை. முதலில் சொன்னது அக்காதான். "ஏங்க, ஜன்னல்கிட்ட உக்காந்தா முகத்துல வெயில் அடிக்கும்ல? ஒரு வாரமா வரல." அடுத்த வாரம் இலைகள் உதிர ஆரம்பித்தன.

"ஏதாவது பண்ணுங்க. இது போச்சுன்னா இன்னொண்ணு வாங்கிட்டு வந்து ஏமாத்தாதீங்க. இந்த வீட்டுல நான் கண்ணால பார்த்த செடி இது ஒண்ணுதான்."

2, மறுபடியும்

(கடையில் நிற்கும் அத்தானை மறந்துவிட்டேன்.)

கடைக்கார அம்மா மூன்று விளக்குகளைப் போட்டுக் காட்டினார். ஒன்று சிவப்பும் நீலமும் கலந்து கத்தரிப்பூ நிறத்தில் எரிந்தது. ஒன்று பலகை போல, ஆஸ்பத்திரி வெள்ளை. மூன்றாவது மஞ்சள் சாய்ந்த குண்டு பல்பு, வீட்டுக்கு மாட்டுவது. அத்தான் ஒவ்வொன்றின் கீழேயும் உள்ளங்கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடிகர்களின் தோல் மேடையில் எப்படித் தெரியும் என்று அவர் தொழிலில் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"இந்த மஞ்சள்தான். சாயங்கால வெயில் மாதிரி இருக்கு. வெள்ளை சப்புனு இருக்கே."

"சார், அது உங்க கண்ணுக்கு நல்லா இருக்கு. செடிக்கு அது பட்டினி. பலகையை எடுத்துக்கங்க, ஒரு முழம் மேல தொங்கவிடுங்க, பதினாலு மணி நேரம் எரியட்டும். இந்தாங்க டைமர், தானா போடும், தானா அணைக்கும்."

"என்கிட்ட மேடை விளக்கே இருக்கு."

"சூட்டுல இலை வெந்துடும் சார்."

"அம்மா, முப்பது வருஷமா லைட்டுதான் என் பொழப்பு."

குண்டு பல்புதான் வீட்டுக்கு வந்தது. டைமரும் வந்தது, மேஜை டிராயருக்குப் போனது. விளக்கை மனுஷன்தான் போட வேண்டும் என்பது அவர் கட்சி.

[ஓரக் குறிப்பு: விளக்கு அட்டையில் போட்டிருக்கும் வெளிச்ச அளவு மனிதக் கண்ணுக்குக் கணக்கிட்டது. கண்ணுக்குப் பச்சைதான் ரொம்பப் பிரகாசம். அந்தப் பச்சையைத்தான் இலை மற்ற நிறங்களைவிட அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அது பச்சை. இதைப் படித்த அன்று நான் மொட்டை மாடியில் போய் நின்று ஒரு மரத்தை வெகுநேரம் பார்த்தேன். இத்தனை காலம் நான் ரசித்தது அது வேண்டாமென்று தள்ளிய மிச்சத்தைத்தானா! பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. கையேட்டில் இதையெல்லாம் எழுத விடமாட்டார்கள்.]

3

இரண்டு மாதத்தில் செடி நெட்டையாக, நோஞ்சானாக வளர்ந்தது. அக்கா விரல் வைத்து அளந்தாள். "முன்னாடி ஒரு இலைக்கும் அடுத்ததுக்கும் ஒரு விரல் இடம். இப்ப மூணு விரல். இது எட்டி எட்டிப் பாக்குது. எதையோ தேடுது." அத்தான் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய் வெள்ளைப் பலகையை வாங்கி வந்தார். ஒரு முழ உயரத்தில் கச்சிதமாகத் தொங்கவிட்டார். விளக்கு சரி, உயரம் சரி. இலை உதிர்வது மட்டும் நிற்கவில்லை. பதினோரு இலைகள் மிச்சம்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு நான் போனேன். அத்தான் ஒத்திகைக்குப் போயிருந்தார். அக்கா செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா லைட்டு எரியல?"

அவள் கை நின்றது.

அவள் அந்த விளக்கைத் தொட்டதே இல்லை. லைட்டண்ணனின் விளக்கை லைட்டண்ணனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது அவர்கள் தொழில் சட்டம், கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் அதே சட்டம். அன்று எழுந்து கையை நீட்டிப் பலகையின் முதுகைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"கரண்ட் போயிருக்கும்க்கா."

"ஃபேன் ஓடுதே."

4

[இந்தப் பகுதியில் அக்கா அழுதாள். அவள் சொல்லி எடுத்துவிட்டேன். "நான் எங்கடா அழுதேன்? பட்டாணிய உரிச்சு முடிச்சு, குருமா வச்சுச் சாப்பிட்டேன். உனக்கும்தானே போட்டேன்?" போட்டாள். இரண்டு தடவை.]

5

சாயங்காலம் அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் பழக்கம்போல விளக்கைப் போட்டார்.

"ஏங்க, வெளிய போறப்ப லைட்ட அணைச்சிட்டா போறீங்க?"

"ஆமா. தினமும்தான். ஆள் இல்லாத ரூமுல எதுக்கு லைட்டு எரிய—"

இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்கள் எல்லாம் நான் விட்டவை. இது ஒன்றுதான் அவர் விட்டது.

அவரைப் பற்றி எனக்கு இந்த இடத்தில் சந்தேகம் வந்தது. இவ்வளவு முட்டாளா ஒரு மனுஷன்? நாலு வரைவுகளில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பார்க்க ஆள் இல்லாத அரங்கில் விளக்கை எரியவிடக் கூடாது என்று முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திரை விழுந்து கடைசி ஆள் போனதும் கை தானாக விசைக்குப் போகும். முப்பது வருஷக் கை அது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அறையைத் திரும்பிப் பார்க்கும், பார்க்கிற கண் இல்லை என்று கண்டுகொள்ளும், அணைத்துவிடும். தலைக்குத் தெரியாமலே கை அப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தது.

"நான் இருந்தேனே," என்றாள் அக்கா.

கோபமாகச் சொல்லவில்லை. வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அத்தான் செருப்புக் காலோடு போய் டிராயரைக் குடைந்து டைமரை எடுத்தார். மாட்டும்போது நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

6

இதை எப்படி எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். "கண்ணை மூடு. கையக் குடு." என் விரலை ஒரு இலையின் மேல் வைத்தாள். பிறகு அடுத்தது, அடுத்தது. உதிர்வது நின்றிருந்தது; புதிதாக நான்கு இலைகள். அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து, தட்டு ஏந்துவது போல முகத்தைத் தூக்கியிருந்தன. ஒரு இலை கீழே மறைவிலிருந்து காம்பை முறுக்கித் திருப்பிக்கொண்டு வந்திருந்தது.

"லைட்டு எங்க இருக்கு, சொல்லு."

கண்ணை மூடியபடியே கையைக் காட்டினேன். திறந்து பார்த்தால் விரல் நேராக விளக்கில் நின்றது. கண் என்று ஒன்று இல்லாத ஒரு செடி வெளிச்சம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அக்கா அதைப் படிக்கிறாள்.

வாசலில் அத்தான் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள்.

"ஏங்க, பின்பக்கம் நாலு இலை முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. இடது பக்கம் இருட்டு. கொஞ்சம் நகர்த்துங்க."

நான்கு வருஷம் கழித்து அவர் வெளிச்சத்துக்கு ஒரு தீர்ப்பு வந்தது. முறைக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, விளக்கை இரண்டு விரல் அளவு நகர்த்தினார்.

"போதுமா?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

7

முடிவு வேண்டும். எலுமிச்சை பூத்து வீடே மணந்தது என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே கூசியது. செடி செத்துப்போனது என்று எழுதினால் உங்களை அழவைப்பது ரொம்பச் சுலபம், அதனால் வேண்டாம். உண்மை நிலவரம்: ஒரு இலைக்காம்பின் அடியில் கடுகளவு ஒரு முனை. எலுமிச்சையில் முள்ளும் அங்கேதான் வரும், துளிரும் அங்கேதான். அக்கா தினமும் தொட்டுப் பார்க்கிறாள், எதுவென்று இன்னும் சொல்லவில்லை.

நேற்று மதியம் இந்தக் கதையைப் படித்துக் காட்டப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்து நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வீடு முழுக்க விளக்கு எரிந்தது. கூடம், சமையலறை, குளியலறை, அலமாரிக்கு மேல் இருக்கும் குட்டி பல்பு வரைக்கும். கூடத்து மூலையில் அவருடைய பழைய மேடை விளக்கு ஒன்று, அளவாகக் குறைத்து வைத்து, அக்காவின் நாற்காலிக்கு நேராக. அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். முகம் லேசாக அந்தப் பக்கம் தூக்கியிருந்தது.

"அத்தான் அணைக்க மறந்துட்டார்க்கா."

"மறக்கலடா. ஒரு வாரமா கிளம்புறப்ப ஒவ்வொரு சுவிட்சா போடுற சத்தம் கேக்குது. அவரும் சொல்லல, நானும் கேக்கல. முகத்துல வெயில் அடிக்குது."

அப்புறம் அவள் கேட்டாள்.

"நீ எழுதுறவன்தானே? எப்படி இருக்குன்னு சொல்லு."

"எது, அக்கா?"

"லைட்டுதான். சாயங்காலம் அவர் வந்ததும் நான் அவருக்குச் சொல்லணும். உள்ளதச் சொல்லு. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாத, அவர் நம்ப மாட்டார்."

வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் எழுதியதில் ஒரு வார்த்தையும் கை கொடுக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு கூடமே கலங்கலாகத் தெரிந்தது. என்னால் ஆகாது. நீங்கள் உள்ளே வாருங்கள். நாற்காலி இதோ. விளக்கு இடது மூலையில். அவள் கைகள் மடியில் இருக்கின்றன. நன்றாகப் பாருங்கள், பார்த்து அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

[                                        ]

அவசரமில்லை. அத்தான் ஆறு மணிக்குத்தான் வருவார்.