கலையரசியின் பள்ளக் கழனி

பள்ளக் கழனியை அளக்கக் கார் வந்து நின்ற அன்றே செந்தமிழ்ச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அளந்தது அவள் நிலமாக இருந்திருந்தால் இரண்டு தட்டு இறங்கியிருக்கும். கார் நின்றதோ ஓரகத்தி கலையரசியின் வரப்பில்.

இதில் பெரிய கொடுமை, அந்தக் கழனியைக் கலையரசி தலையில் கட்டியதே செல்விதான். அந்த ஊர்ப் பக்கம் பாகம் பிரிக்கும்போது மூத்தவன் பங்கு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். செல்வியின் புருஷன் தமிழரசன் இளையவன். கிணறு இருக்கிற மேட்டுக் கொல்லையைக் கேள், வேறு எதற்கும் தலையாட்டாதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஏரிக்குக் கீழே கிடந்த பள்ளம் மூத்தவருக்குப் போனது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கலையரசி தனியாளாக அதில் நெல் போட்டு, மழைக்காலம் தவறாமல் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாவம் எங்க அக்கா என்று செல்வி ஊரெல்லாம் சொல்வாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் வடக்கனந்தல் பக்கம் ரோடு அகலமானது. ரோட்டை ஒட்டிப் பள்ளக் கழனி. மண்ணைக் கொட்டி மேடாக்கி, நாலு மாடியில் இருநூறு வீடு கட்டப்போவதாக ஏதோ ஒரு கம்பெனி வந்தது. மேட்டுக் கொல்லையை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குக் கலையரசி பட்டுப்புடவையும் காருமாகத் தன் வாசலைத் தாண்டிப் போவதைச் செல்வி இப்போதே பார்த்துவிட்டாள். அது நடக்கக் கூடாது. அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வழி தண்ணீரில் கிடைத்தது. ஃபெஞ்சல் புயலில் ஏரி வழிந்தபோது, வந்த வெள்ளமெல்லாம் பள்ளக் கழனியில் பரவி நின்று மெதுவாக ஆற்றுக்கு வடிந்தது. அப்படியும் மிச்சத் தண்ணீர் கூலிக்காரர் தெருவுக்குள் புகுந்துவிட்டது. கழனியை மேடாக்கினால் அத்தனையும் அந்தத் தெருவுக்குத்தான். காரணம் பொய்யாக இருந்தால் மனசு கொஞ்சமாவது உறுத்தியிருக்கும். நெசமாக இருந்ததால் செல்விக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

மறுநாளே அந்தத் தெருவுக்குப் போனாள். அவள் கொல்லையில் களை எடுக்கும் ஜெயம்மாள் பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதுவரை அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத செல்வி, அன்றைக்கு டீயே குடித்தாள். புயலைச் சொல்லச் சொல்ல ஜெயம்மாள் கண் கலங்கினாள். தெருவே திரண்டுவிட்டது.

கிராம சபையில் செல்வி பேசிய பேச்சு இருக்கிறதே, அவளுக்குள் அப்படி ஒருத்தி இருப்பது தமிழரசனுக்கே தெரியாது. ஜெயம்மாள் வீட்டு அடுப்பு முழுகியதையும், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்போல் சொன்னாள். புயலன்று அவள் மேட்டு வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததை யாரும் கேட்கவில்லை. கடைசியில் கலையரசியைப் பார்த்தே கேட்டாள்.

"நாலு பேரு மாடியில சொகமா இருக்கறதுக்கு, இவுங்க வூடு முழுகணுமா? நீயே சொல்லுக்கா."

கலையரசி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஊர் காறித் துப்பும் என்று செல்வி காத்திருந்தாள். கலையரசி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"செல்வி சொல்றது நெசந்தாங்க. காசுன்னதும் எனக்குக் கண்ணு மறைச்சிட்ச்சு. தண்ணி போற எடத்த அடைச்சிட்டு நான் இன்னா வாழப்போறேன்? நான் விக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஜெயம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே கலையரசியைச் சுற்றிக்கொண்டது. நாற்காலி போட்டு டீ கொடுத்த ஒருத்தியும் செல்வி பக்கம் திரும்பவில்லை. ஊராட்சித் தலைவர் யாருக்கோ வைத்திருந்த சால்வையைக் கொண்டுவந்து செல்வியிடம் நீட்டினார்.

"நீங்களே போத்துங்கம்மா. ஓரகத்திங்க ஒத்துமைய ஊரு பாக்கட்டும்."

செல்வி போர்த்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கலையரசி அவள் கையைப் பற்றி, நீ சொல்லலைன்னா எனக்குப் புத்தி வந்திருக்காது என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று செல்வி அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தாள். இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளிடம் தமிழரசன் கேட்டான். "இன்னாடி, நீ நெனச்ச மாதிரிதான ஆச்சு? அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்க?"

"அவ கையிலேந்து புடுங்கலாம்னு போனேன்" என்றாள் செல்வி. "அவளே தூக்கிக் குடுத்துட்டா."