மருந்தில்லாத தோட்டா

ஸ்ரீரஞ்சனி தன் ரைபிளுக்கான தோட்டாக்களைத் தானே அடைப்பவள். பெங்களூர் தொம்மலூரில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் தனியாக இருந்தாள். வயது நாற்பத்தெட்டு. ஒரு மென்பொருள் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மேலாளர். மற்றவர்கள் செய்த வேலையில் எங்கே தவறு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். அதில் அவளுக்கு நல்ல பெயரும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

ரைபிள் அவள் அப்பாவுடையது. மைசூர் அரசாங்கத்தில் பொதுப்பணித்துறை இன்ஜினியராக இருந்தவர், காட்டோரம் முகாம் போட்டு வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. காட்டெருமையைச் சாய்க்கிற கனமான வேட்டைத் துப்பாக்கி. வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு அலமாரியில் கிடந்தது. அவர் போனபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ரைபிள் கிளப்பில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டை இலக்கைச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய தோட்டா கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, சுட்ட பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமரை மாற்றி, மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்திக்கொள்வாள்.

அதில் அவள் வைத்திருந்த ஒழுங்கு கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். கூடுகளைக் குழிகள் உள்ள ஒரு மரத்தட்டில் வரிசையாக நிற்கவைப்பாள். ஒவ்வொன்றுக்கும் மருந்தை நிறுத்துப் போடுவாள். கடைசியில் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பாள். மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குண்டை வைத்து அழுத்துவாள். ஒரு நோட்டில் ஐம்பது கட்டங்கள், ஐம்பது டிக்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து போன் வந்தது. வாடிக்கையாளரிடம் ஏதோ பெரிய தகராறு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசியபடியே வேலையைத் தொடர்ந்தாள். முடிந்தபோது தராசுத் தட்டில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. அவள் ஐம்பது கூடுகளுக்குச் சரியாக அளந்து எடுத்திருந்தாள், மிச்சம் வரக்கூடாது. ஆனால் அந்த நேரம் அவள் போனில் ஒருவரைக் கடிந்துகொண்டிருந்தாள். மிச்சத்தை டப்பாவில் கொட்டி மூடினாள். டார்ச்சை எடுக்கவில்லை. குண்டுகளை வரிசையாக அழுத்திவிட்டு, நோட்டில் ஐம்பது டிக் போட்டாள். ஒரே மூச்சில், மேலிருந்து கீழாக.

மறுநாள் காலை கிளப்பில் கோவிந்தப்பா காத்திருந்தார். சுடுதளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர்தான். மர்பி டவுன்காரர், ஐம்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருட சர்வீஸ். உறுப்பினர்களின் துப்பாக்கிகளுக்குக் குறி சரிசெய்து கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்ரீரஞ்சனி புதிதாக ஒரு தொலைநோக்கி மாட்டியிருந்தாள். தோள்பட்டை வலி இருந்ததால், "நீங்களே நாலு ரவுண்டு போட்டு செட் பண்ணிக் குடுங்க, கோவிந்தப்பா" என்றாள்.

"குடுங்க மேடம். உங்க தோட்டான்னா கண்ண மூடிட்டு சுடலாம்" என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.

முதல் இரண்டும் இடி மாதிரி போயின. மூன்றாவது வேறு மாதிரி இருந்தது. 'டப்' என்று, கதவைச் சாத்தினாற்போல ஒரு சின்னச் சத்தம். தோள் அசையவில்லை. கோவிந்தப்பா துப்பாக்கியை இலக்கைப் பார்த்தபடியே சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைத் திறந்தார். வெற்றுக்கூடு வெளியே விழுந்தது.

"மேடம், சத்தம் கம்மியா வந்துச்சு. குண்டு உள்ளயே நின்னுக்கிச்சோ என்னமோ. போல்ட்ட கழட்டி ஒருவாட்டி குழல பாத்துடறேன்."

பக்கத்து மேடையில் இரண்டு உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீரஞ்சனிக்கு முகம் சுட்டது. அவள் தோட்டாவில் கோளாறு என்று நாலு பேருக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

"ஒண்ணும் இருக்காது. அது எங்கயோ போயிருக்கும், இலக்குல படல, அவ்ளோதான். என் லோடு தப்பாகாது. அடுத்தத போடுங்க."

கோவிந்தப்பா தயங்கினார். கை போல்ட்டின் மேலேயே இருந்தது. "ஒரு நிமிசம் தான் மேடம்..."

"சொல்றேன்ல? போடுங்க."

அவர் போட்டார்.

அடைத்துக்கொண்டிருந்த குண்டின் மேல் அடுத்த குண்டு மோதியதில் குழல் நடுவில் பிளந்தது. மரக்கட்டை சிதறியது. தாங்கிப் பிடித்திருந்த அவருடைய இடதுகையில் இரண்டு விரல்கள் போயின. கன்னத்தில் ஒரு சிலாம்பு ஆழமாகப் பாய்ந்திருந்தது. அவர் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ, துப்பாக்கி" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் தராசுத் தட்டில் மிஞ்சிய மருந்து அவள் நினைவுக்கு வந்தது. ஒரு கூட்டுக்கு உண்டான அளவு. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று அப்போது நினைத்தாள்.

கேட்டார்கள். கிளப் செயலாளர் ஹெர்பர்ட் மறுநாளே விசாரணை வைத்தார். நல்ல மனிதர், பிரச்சினையை வளர்க்க விரும்பாதவர். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், மூணாவது ரவுண்டுக்கு அப்புறம் கோவிந்தப்பா குழல செக் பண்ணானா?"

"இல்ல" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "பண்ணல."

அது பொய் இல்லை. ஹெர்பர்ட் எழுதிக்கொண்டார். பக்கத்து மேடைக்காரர்கள், காதில் அடைப்பான் போட்டிருந்ததால் என்ன பேசினார்கள் என்று தெரியாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது கோவிந்தப்பாவும், குழலைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். வந்த போலீஸ்காரரிடமும் அவள் அதையே சொன்னாள். மருந்தைப் பற்றிப் போலீஸ்காரர் கேட்டபோது நோட்டைக் காட்டினாள். ஐம்பது டிக்கையும் பார்த்துவிட்டு, "எவ்ளோ நீட்டா மெயின்டைன் பண்ணிருக்காங்க" என்றார் கூட இருந்த ஹெர்பர்ட். பிரைமரோ மருந்தோ பழுதாக இருந்திருக்கலாம், அது யாருக்கும் நேரக்கூடியது, அதன்பின் குழலைப் பார்க்காமல் சுட்டது சுடுதள ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. கோவிந்தப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அவரைப் பார்க்க அவள் ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் அவர் மனைவி காந்தா இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். விடுப்பு கிடைக்காமல் சீருடைப் புடவையோடே வந்திருந்தாள். ஸ்ரீரஞ்சனியைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, காப்பி வாங்க வெளியே போனாள். கோவிந்தப்பா எழுந்து உட்கார முயன்றார்.

"மேடம், மன்னிச்சிடுங்க" என்றார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. "உங்க அப்பா வச்சிருந்த துப்பாக்கி. என்னால போச்சு. நீங்க சொன்னாலும் நான் பாத்திருக்கணும். அதுதான என் வேல."

"அதெல்லாம் ஒண்ணும் நினைக்காதீங்க" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

இந்த ஒரு வாக்கியத்தை அவள் பிறகு நூறு முறை நினைத்துப் பார்த்தாள். மன்னித்தாற்போலச் சொன்னாள். அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார், அவள் அதை வாங்கிக்கொண்டாள். கொண்டுபோன ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

நாலு மாதம் போயிற்று. ஆபீஸில் யாருடைய தவறையாவது எடுத்துச் சொல்லவேண்டி வந்தால் குரல் எழும்பவில்லை. கீழே வேலை செய்பவர்கள், மேடம் இப்போது சாந்தமாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மர்பி டவுன் பக்கம் போகவேண்டிய ஆட்டோவை அல்சூர் ஏரியைச் சுற்றிப் போகச் சொன்னாள். பிறகு ஒருநாள் ஹெர்பர்ட் போன் செய்தார். புது உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று எடுக்க வேண்டும், அவளைவிடப் பொருத்தமான ஆள் கிளப்பில் இல்லை என்றார். மறுத்தால் ஏன் என்று கேட்பார். ஒப்புக்கொண்டாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிருபமா என்று ஒரு இளம் டாக்டர், நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் இருந்தாள். வகுப்பு முடியும்போது கையைத் தூக்கினாள்.

"இங்க ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன் மேடம். அது எதனால?"

ஸ்ரீரஞ்சனி வாயைத் திறந்தாள். "ரேஞ்ச்ல இருந்தவர் குழலப் பாக்காம அடுத்த ரவுண்டு போட்டுட்டார்."

நிருபமா அதை எழுதிக்கொண்டாள். பேனா காகிதத்தில் ஓடுவதை ஸ்ரீரஞ்சனி பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு சிலரும் எழுதினார்கள். இந்தப் பெண் நாளைக்கு இன்னொருத்தருக்குச் சொல்வாள், கோவிந்தப்பா என்கிற பேர்கூட இல்லாமல், ஒரு கவனக்குறைவான ஆள் இருந்தான் என்று. இதுவரை கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவளே வகுப்பு எடுத்திருக்கிறாள்.

"எழுதாதீங்க" என்றாள். "அது தப்பு. அவர் பாக்கறேன்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னு சொன்னேன். அந்தத் தோட்டாவுல மருந்தே இல்ல. நான் போடல."

பின்னால் நின்றிருந்த ஹெர்பர்ட் வேகமாக முன்னே வந்து, அவள் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார்.

"ஸ்ட்ரெஸ்ல இருக்கீங்க மேடம். ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. உங்க லைசென்ஸ் போயிடும், கேஸ்கூட ஆகும். சும்மா விட்டுடுங்க."

"நான் எழுதித் தரேன், ஹெர்பர்ட். இன்னிக்கே."

கிளப் காகிதத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அங்கிருந்து நேராக மர்பி டவுன் போனாள்.

குறுகிய சந்து. வாசல்களில் தண்ணீர்க் குடங்களும் பைக்குகளும். கதவு திறந்தே இருந்தது. சுவரில் அம்பேத்கர் படமும் அதற்குக் கீழே சின்னப் புத்தர் சிலையும். கோவிந்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று விரல்களால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழப்போனார். காந்தா உள்ளிருந்து வந்து, "வாங்க மேடம், உக்காருங்க, டீ போடறேன்" என்றாள்.

"வேணாம். முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்" என்று நின்றபடியே ஆரம்பித்தாள். சனிக்கிழமை போனிலிருந்து சொன்னாள். டார்ச் அடிக்காமல் டிக் போட்டதைச் சொன்னாள். விசாரணையில் பேசியதையும் பேசாமல் விட்டதையும் சொன்னாள். சொல்லும்போது தரையைத்தான் பார்க்க முடிந்தது. பூண்டுத் தோல் மின்விசிறிக் காற்றில் அவள் கால்வரை பறந்து வந்தது.

கோவிந்தப்பா கையிலிருந்த பூண்டை மடியிலிருந்த தட்டில் போட்டார். பிறகு கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மன்னிப்பு கேட்டனே மேடம்."

"கேட்டீங்க."

"அப்பவும் தெரியும்."

அவள் தலையாட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அவர் கன்னத்துத் தழும்பு மட்டும் லேசாகத் துடித்தது. தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காந்தா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க போடச் சொன்னீங்கன்னு இந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல மேடம். நாலு மாசமா நான் இவர திட்டிட்டே இருக்கேன். கவனம் இல்ல, புத்தி இல்ல, ஊட்டையே கவுத்துட்டன்னு. சோறு போடறப்பகூட திட்டுவேன். தலய குனிஞ்சிக்கினு சாப்பிடுவாரு. அந்தப் பேச்செல்லாம் யாரு திருப்பி எடுக்கறது, நீங்களா?"

ஸ்ரீரஞ்சனிக்குக் கண்ணீர் வந்தது. அதுவும் இந்த வீட்டில் அழத் தனக்கு உரிமையில்லை என்று தோன்ற, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் கிளம்பறேன்" என்றாள்.

"எங்க கிளம்பறீங்க? இருங்க" என்றாள் காந்தா. "எம் புள்ள பிரகாஷு கேப் ஓட்டறான், சாப்பாட்டுக்கு வர நேரம். அவன் அப்பாகூட பேசறதே இல்ல. அவங்கிட்டயும் சொல்லுங்க. இதே மாதிரி, முழுசா."

சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்த பாரம் அப்படியே இருந்தது. ஸ்ரீரஞ்சனி வாசல்படியில் உட்கார்ந்தாள். காந்தா டீ கொண்டுவரவில்லை. அரைமணி நேரம் கழித்து ஒரு வெள்ளைக் கார் சந்து முனையில் நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்கவன் இறங்கி வந்தான். தன் அம்மாவின் முகத்தையும், வாசலில் எழுந்து நின்ற அறிமுகமில்லாத பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் வேலையை விட்டுவிட்டுக் கவனித்தார்கள். ஸ்ரீரஞ்சனி மறுபடியும் சனிக்கிழமை போனிலிருந்து ஆரம்பித்தாள். பாதியிலேயே பிரகாஷ் அவளைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு உள்ளே ஓடினான். "அப்பா, கதவத் தொறப்பா" என்று அவன் தட்டுவது சந்துவரை கேட்டது.

அதன்பின் நடந்தவை மெதுவாக நடந்தன. போலீஸ் மறுபடி விசாரித்தது. லைசென்ஸ் ரத்தானது, வழக்கு இன்னும் முடியவில்லை. கிளப் அவளை நீக்கியது. அறிக்கையைத் திருத்தி எழுதி, கோவிந்தப்பாவை மீண்டும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஹெர்பர்ட்டே நேரில் வந்து கேட்டபோது, வருகிறேன், ஆனால் என் தவறில்லை என்று எழுதிய அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு வருகிறேன் என்றாராம். ஒட்டினார்கள். போனார்.

ஒரு வருடம் கழித்து அல்சூர் மார்க்கெட்டில் ஸ்ரீரஞ்சனி அவரைப் பார்த்தாள். காந்தாவும் கூட இருந்தாள். கீரைக்கட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். காந்தா அவளைக் கவனித்துவிட்டு அவரிடம் ஏதோ சொன்னாள். கோவிந்தப்பா நிமிர்ந்து நேராகப் பார்த்தார். வணக்கம் சொல்லவும் இல்லை, பார்வையை விலக்கவும் இல்லை. ஸ்ரீரஞ்சனிதான் கைகூப்பினாள். அவர் தலையை ஒருதரம் அசைத்துவிட்டு, கீரைக்காரியிடம் இன்னொரு கட்டைக் காட்டி விலை கேட்டார்.